மூன்று வருடம் என் மனைவியைச் சோதித்தார்கள். இங்கே முதலில் என்னைச் சோதித்தார்கள்

எங்களுக்கு இன்னும் குழந்தை பிறக்கவில்லை. கடைசி வரி வரை அந்தச் செய்திக்காக யாரும் காத்திருக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தையின்மைக்குச் சிகிச்சை தரும் இந்த மருத்துவமனையைப் பற்றி எழுதியிருப்பவர்களில் பலர் குழந்தை பிறந்திருந்தால் ஐந்து நட்சத்திரமும் பிறக்காவிட்டால் ஒரு நட்சத்திரமும் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கு எனக்குச் சரியாகப் படவில்லை. நான் நான்கு கொடுக்கிறேன். ஒன்றை ஏன் குறைத்தேன் என்பதையும் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. வேலந்தாவளம் வழியாகப் போனால் கோயம்புத்தூர், கோபாலபுரம் வழியாகப் போனால் பொள்ளாச்சி. வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம் என்று வாழ்கிறவர்கள் நாங்கள். ஆதாரம் எழுதுவது என் தொழில். தமிழ்நாட்டுப் பக்கம் பத்திரம் என்பார்கள். பதினான்கு வருடமாக எழுதுகிறேன். கிழக்கு எல்லையில் ஒரு சொல் தவறினால் இரண்டு தலைமுறை கோர்ட்டுக்கு அலையும் என்பார் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர். அதனால் மருத்துவமனைக்குப் போனாலும் டாக்டரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அவர்கள் கொடுக்கும் காகிதத்தைத்தான் படிப்பேன். இந்த விமர்சனமும் பெரும்பாலும் காகிதங்களைப் பற்றியதாகவே இருக்கும்.

திருமணம் முடிந்து இரண்டாவது வருடம் முதல் வேறு இரண்டு இடங்களில் காட்டினோம். ஒன்று எல்லைக்கு இந்தப் பக்கம், இன்னொன்று அந்தப் பக்கம். பெயர் எழுதப் போவதில்லை. மூன்று வருடத்தில் என் மனைவிக்கு எத்தனை ஸ்கேன் எடுத்தார்கள் என்று அவளுக்கே கணக்குத் தெரியாது. கருக்குழாயில் மருந்து செலுத்திப் படம் எடுத்தார்கள். அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது முன் இருக்கையின் கம்பியைப் பிடித்தபடி தலையைக் குனிந்தே இருந்தாள். பிறகு வயிற்றில் சிறு துளையிட்டுக் கருவி விட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி. மாதாமாதம் மாத்திரை, முட்டை வளர்ந்ததா என்று பார்க்க ஸ்கேன். அம்மா அவளைப் பழனிக்கும் குருவாயூருக்கும் அழைத்துப் போனார். என்னை யாரும் எங்கும் அழைத்துப் போகவில்லை.

என் விந்துப் பரிசோதனை நடந்தது அந்த மூன்று வருடத்தில் ஒரே முறை, அதுவும் இரண்டாம் வருடக் கடைசியில். எண்ணிக்கை என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டுச் சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். மூன்று மாதம் கழித்துப் போனபோது, "டோனர் வைத்துக்கொள்ளலாம், சீக்கிரம் முடிந்துவிடும்" என்றார். வேறோர் ஆண் தானமாகக் கொடுத்த விந்தணு என்று பொருள். எனக்கு என்ன கோளாறு, ஏன் வந்தது, உள்ளே உற்பத்தியே இல்லையா, வழியில் அடைப்பா என்று எதுவும் பார்க்கவில்லை. என்னைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. முன்னாதாரம் பார்க்காமல் கிரயம் எழுதுகிற வேலை அது. டோனர் வழியைத் தவறென்று நான் சொல்லவில்லை. எங்கள் ஊரிலேயே அந்த வழியில் பிறந்த குழந்தைகள் நன்றாக இருக்கிறார்கள். ஆனால் என்ன இல்லை என்று தெரிந்த பிறகுதான் எது வேண்டும் என்று ஒருவன் முடிவு செய்ய முடியும்.

அந்தக் காலத்தில் ஒருவர் 'தெம்புக்கு' என்று டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னார். போடவில்லை, பணம் இல்லாத மாதம். இங்கே வந்த பிறகு அதைச் சொன்னபோது டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு விளக்கினார். வெளியிலிருந்து அந்த ஹார்மோன் உள்ளே போனால், போதுமான அளவு இருக்கிறது என்று மூளை நினைத்துக்கொள்ளும். விதைப்பையில் இருக்கும் விதைகளுக்கு அனுப்பும் கட்டளை ஹார்மோன்களை நிறுத்திவிடும். விதை தானாகச் செய்துகொண்டிருந்த கொஞ்ச வேலையும் நின்றுபோகும். குழந்தை வேண்டும் என்று அந்த ஊசியைப் போட்டுக்கொண்டு, இருந்ததையும் இழந்து வருகிறவர்களை அவர் பார்த்திருக்கிறாராம். ஜிம்முக்குப் போகிற தம்பிமார்களுக்கு இதை யாராவது எடுத்துச் சொல்லுங்கள்.

இனி இந்த மருத்துவமனை. முதல் நாள் நாங்கள் உள்ளே போனதும் என் மனைவி வழக்கம்போல ஃபைலைப் பிரித்து மேசைமேல் வைத்தாள். ஒரு சாண் உயரம் இருக்கும். டாக்டர் அதை மெதுவாக ஓரம் நகர்த்தி, "இது அப்புறம். முதலில் இவரைப் பார்க்கிறேன்" என்றார். அவர் சிறுநீரக அறுவை சிகிச்சை படித்து, பிறகு ஆண் மலட்டுத்தன்மைக்கென்றே தனிப் பயிற்சி எடுத்தவர். மலையாளிதான். தமிழை மெதுவாக, தவறில்லாமல் பேசுகிறார். சிறுவயதில் பொன்னுக்கு வீங்கி வந்ததா, வந்தால் எந்த வயதில், அப்போது விதை வீங்கியதா, குடலிறக்க ஆபரேஷன் உண்டா, தோட்டத்துக்கு மருந்து அடிக்கும் வேலை செய்ததுண்டா, கடந்த மூன்று மாதத்தில் கடும் காய்ச்சல் வந்ததா என்று முக்கால் மணி நேரம் கேட்டார். மூன்று மாதக் கணக்கு எதற்கு என்றேன். ஒரு விந்தணு உருவாகி வெளியே வர ஏறக்குறைய அவ்வளவு காலம் ஆகிறது. இன்று எடுக்கும் விந்தில் தெரிவது அன்றைய உடம்பு என்றார்.

பிறகு திரைக்குப் பின்னால் பரிசோதனை. கையில் ஒரு மணிச்சரம் வைத்திருந்தார். நூலில் கோத்த பன்னிரண்டு மணிகள், முட்டை வடிவம், சிறியதிலிருந்து பெரியதாக 1 முதல் 25 மில்லி வரை ஒவ்வொன்றிலும் எண் போட்டிருந்தது. ஆர்க்கிடோமீட்டர் என்று பெயர். சுவிட்சர்லாந்து மருத்துவர் ஆண்ட்ரியா பிராடர் 1966இல் செய்தது. ஒரு கையால் விதையையும் மறுகையால் மணியையும் தொட்டுத் தொட்டு ஒப்பிட்டு, "வலது எட்டு, இடது பத்து" என்று சொல்ல, செவிலியர் எழுதிக்கொண்டார். முழு வளர்ச்சியடைந்த ஆணுக்குப் பதினைந்தும் அதற்கு மேலும் இருப்பது வழக்கம். விந்து வரும் குழாய் இரண்டு பக்கமும் இருக்கிறதா என்று விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்தார். இருந்தது. சிலருக்குப் பிறவியிலேயே அந்தக் குழாய் இருக்காது. அப்படியானால் உள்ளே உற்பத்தி நன்றாக நடக்கும், வெளியே வரத்தான் வழி இருக்காது. அதற்குக் காரணமான மரபணுக் குறை மனைவிக்கும் இருந்தால் குழந்தைக்கு நோய் வரலாம் என்பதால் இரண்டு பேருக்கும் சோதனை செய்வார்கள். எனக்கு அது இல்லை என்று அங்கேயே தெரிந்துவிட்டது. இந்தப் பரிசோதனைக்கு ஆன நேரம் ஐந்து நிமிடம். மூன்று வருடத்தில் அந்த ஐந்து நிமிடம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

நட்சத்திரம் குறைந்த இடம் அடுத்தது. விந்து எடுத்துக்கொடுக்கும் அறை. பணம் கட்டும் கவுண்டருக்கு அடுத்த கதவு அதுதான். தாழ்ப்பாள் பாதி வரைதான் ஏறும். வெளியே ரசீது கேட்டு யாரோ சத்தம் போடுவது உள்ளே தெளிவாகக் கேட்கும். குப்பியை வாங்கிக்கொள்ளக் கூப்பிடும்போது முழுப் பெயரையும் ஹாலில் உரக்கக் கூப்பிட்டார்கள். பாதிப் பேர் எங்கள் பக்கத்துப் பஞ்சாயத்துக்காரர்கள் இருக்கும் ஹால் அது. நான் நாற்பது நிமிடம் உள்ளே உட்கார்ந்திருந்து வெறுங்குப்பியோடு வெளியே வந்தேன். ஆய்வகத்தில் இருந்த இளைஞர், "சேட்டா, அவசரமில்லை. வெளியே போய் டீ குடித்துவிட்டு வாருங்கள், கூட்டம் குறைந்ததும் நானே கூப்பிடுகிறேன்" என்று காதருகில் சொன்னார். அந்தப் பையன் இல்லாவிட்டால் அன்றே திரும்பிப் போயிருப்பேன். நிர்வாகத்தில் யாராவது இதைப் படித்தால்: அந்த அறையை மாடிக்கு மாற்றுங்கள், பெயருக்குப் பதில் எண் கொடுத்துக் கூப்பிடுங்கள். சுவர் முழுக்கத் தாயும் சேயும் படங்கள் மாட்டியிருக்கிறீர்கள். எங்களைப் போன்ற ஆண்களும் இங்கே வருகிறோம்.

பரிசோதனையைப் பொறுத்தவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு முறை, இடைவெளி விட்டு எடுத்தார்கள். முதலில் நேரடியாகப் பார்த்தபோது ஒன்றும் இல்லை. அத்துடன் விடாமல் வேகமாகச் சுழற்றும் இயந்திரத்தில் வைத்து, அடியில் படிந்ததை எடுத்து மறுபடி தேடினார்கள். அதிலும் இல்லை என்ற பிறகுதான் அசூஸ்பெர்மியா, அதாவது விந்தில் விந்தணுவே இல்லாத நிலை, என்ற சொல்லை எழுதினார்கள். ஆண்களில் நூற்றுக்கு ஒருவருக்கு இப்படி இருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது, சித்தூர் தாலுகாவில் மட்டும் எத்தனை பேர் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது. அவர்களில் ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது. யாரும் சொல்லிக்கொள்வதில்லை.

அறிக்கையில் ஒரு மில்லி விந்துக்கு 160 லட்சம் விந்தணு என்று ஓர் எல்லை அச்சிட்டிருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட ஆறாம் பதிப்புக் கையேட்டில் உள்ள எண் அது. அதற்குக் கீழே போனால் தோல்வியா என்று கேட்டேன். அது தேர்ச்சி மதிப்பெண் ஆகாது என்றார். ஒரு வருடத்துக்குள் மனைவி கருவுற்ற ஆண்களை எண்ணிக்கைப்படி வரிசையாக நிறுத்தினால், கடைசி நூற்றுக்கு ஐந்து பேர் நிற்கும் இடம் அந்த எண். அதற்குக் கீழே இருந்தும் தந்தையானவர்கள் உண்டு, மேலே இருந்தும் ஆகாதவர்கள் உண்டு. ஒரு தாளில் இருக்கும் எண்ணுக்கு என்ன பொருள் என்பதை அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை.

மூளை விதைகளுக்கு அனுப்பும் கட்டளை ஹார்மோன்களில் ஒன்றான எஃப்.எஸ்.எச். என் ரத்தத்தில் 19 இருந்தது, வழக்கத்தைவிட அதிகம். மூளை விதைகளை நோக்கிச் சத்தம் போட்டுக் கூப்பிடுகிறது, அங்கிருந்து பதில் வரவில்லை என்று பொருள். அடைப்பு இல்லை, உற்பத்தியில்தான் குறை. அடுத்து மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்களுக்கு ஒரு சோதனையும், ஆண்களுக்கு மட்டும் உள்ள ஒய் குரோமோசோமுக்குத் தனியாக ஒரு சோதனையும். முடிவு வர மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் நான் எழுதிய ஆதாரங்களில் அடித்தல் திருத்தல் அதிகம்.

முடிவைச் சொன்ன நாளில் டாக்டர் வெள்ளைத் தாளில் ஒரு கோடு போட்டார். இதுதான் உங்கள் ஒய் குரோமோசோம் என்றார். அதன் ஓரிடத்தில் ஏ, பி, சி என்று மூன்று பகுதிகளைக் குறித்தார். விந்தணு உற்பத்திக்கு வேண்டிய மரபணுக்கள் அங்கே இருக்கின்றன. ஏ பகுதியோ பி பகுதியோ முழுவதும் இல்லாமல் போயிருந்தால், விதையை அறுத்துத் தேடினாலும் விந்தணு கிடைக்காது. அப்படிப்பட்டவர்களுக்கு ஆபரேஷனே செய்ய மாட்டேன் என்றார். எனக்கு இல்லாதது சி பகுதி. அதில் பாதிப் பேருக்கோ அதற்குச் சற்று அதிகமானவர்களுக்கோ எங்காவது ஒரு மூலையில் கொஞ்சம் உற்பத்தி நடந்துகொண்டிருக்கும். தேடிப் பார்க்கலாம். இந்திய ஆண்களின் ஒய் குரோமோசோமைப் பற்றி ஹைதராபாத்தில் உள்ள சி.சி.எம்.பி. ஆய்வு நிறுவனத்தில் குமாரசாமி தங்கராஜ் குழுவினர் நெடுநாளாக ஆராய்ந்து வருவதையும் சொன்னார். பெயரைக் கேட்டதும் நம் பக்கத்து ஆள் ஒருவர் நமக்காக உழைக்கிறார் என்று ஓர் ஆறுதல்.

பிறகு அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. "விந்தணு கிடைத்து, ஆண் குழந்தை பிறந்தால் இந்தக் குறை அவனுக்கும் அப்படியே போகும். அவனும் ஒரு நாள் இதே நாற்காலியில் உட்கார வேண்டி வரலாம். இது தெரிந்துதான் நீங்கள் முடிவு செய்ய வேண்டும்." வில்லங்கம் உள்ள சொத்தை வாரிசுக்கு எழுதிவைக்கிறவர்களுக்கு நான் எத்தனையோ முறை எச்சரிக்கை சொல்லியிருக்கிறேன். என்னிடம் அதைச் சொல்ல ஒருவர் இருந்தது அன்றுதான். இந்த உண்மையைச் சொல்லாமலே ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருக்கலாம். பணம் கட்டியிருப்போம்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றோம். எனக்குப் பேச்சு வரவில்லை. என் மனைவி, "ஏனுங்க, அந்த ஆபரேஷன் உங்களுக்கு ரொம்ப வலிக்குமா?" என்று கேட்டாள். மூன்று வருடம் ஊசியும் கத்தியும் பட்டவள் கேட்ட கேள்வி. நான் அவளிடம் அதை ஒரு முறையாவது கேட்டேனா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை.

ஒப்புதல் படிவத்தைப் பற்றி விரிவாக எழுத வேண்டும். ஒன்பது பக்கம், மலையாளத்திலும் ஆங்கிலத்திலும். என் மனைவிக்குத் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரியும். படித்துப் புரிந்துகொண்டு கையெழுத்திட்டேன் என்று அதில் எழுதியிருக்கிறது. படிக்க முடியாத தாளில் அவள் எப்படிக் கையெழுத்திடுவாள் என்று கேட்டேன். 2021இல் வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டத்தில் சம்பந்தப்பட்ட எல்லோரிடமும் விளக்கிச் சொல்லி எழுத்துமூலம் ஒப்புதல் வாங்க வேண்டும் என்று இருக்கிறது. செவிலியர் முதலில், "வாயால் சொல்லிவிடுகிறோம்" என்றார். ஆலோசகர் அம்மா என் பேச்சைக் கேட்டுவிட்டு ஒரு வாரம் அவகாசம் கேட்டார். சொன்னபடி ஒரு வாரத்தில் தமிழ்ப் படிவம் வந்தது.

அதில் நான்காம் பக்கத்தில் ஒரு தவறு. கணவரின் விதையிலிருந்து 'விந்தணு எடுத்தல்' என்று வர வேண்டிய இடத்தில் 'விந்தணு தானம்' என்று இருந்தது. இது சாதாரணப் பிழை ஆகாது. அதே சட்டப்படி தானம் கொடுத்தவருக்குப் பிறக்கும் குழந்தைமேல் எந்த உரிமையும் கிடையாது. என் கையெழுத்தாலேயே நான் என் குழந்தைக்கு அந்நியன் ஆகியிருப்பேன். சிவப்பு மையால் அடித்துத் திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டு, மற்ற பக்கங்களையும் அங்கேயே உட்கார்ந்து படித்து பதினொரு இடங்களைத் திருத்திக் கொடுத்தேன். முகம் சுளிக்கவில்லை. புதிதாக அச்சடித்துக் கொண்டுவந்தார்கள். இப்போது எங்கள் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு அந்தப் படிவத்தைத்தான் கொடுக்கிறார்கள். தமிழ்ப் படிவம் வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள், இருக்கிறது.

அந்தப் படிவத்தில் எனக்குப் பிடித்த பகுதி ஏழாம் பக்கம்: விந்தணு கிடைக்காவிட்டால் என்ன செய்வது. ஆபரேஷன் மேசையில் நான் மயக்கத்தில் இருக்கும்போது வெளியே பதற்றத்தில் நிற்கும் மனைவியிடம் டோனர் வேண்டுமா என்று கேட்க மாட்டோம். இருவரும் வீட்டுக்குப் போய், நிதானமாகப் பேசி, பிறகு வந்து சொன்னால் போதும் என்று எழுதியிருந்தது.

இன்னொன்றும் செய்தார்கள், இதற்காகவே இந்த மருத்துவமனையை நான் மற்றவர்களுக்குச் சொல்வேன். என் ஆபரேஷன் முதலில். கிடைத்தால் உறையவைப்பது. அதன் பிறகுதான் மனைவிக்கு முட்டை வளர ஊசி. இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொண்டு, அவளுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி போட்டு முட்டை எடுத்த பிறகு என்னிடம் ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் அவள் பட்டதெல்லாம் வீண். குறைந்த எண்ணிக்கையில் கிடைக்கும் விந்தணுக்களில் சில உறைநிலையிலிருந்து மீளும்போது பிழைக்காமல் போகலாம் என்பதையும் மறைக்கவில்லை. அந்தச் சேதம் என் பக்கம் இருக்கட்டும் என்று நான் சொன்னேன்.

ஆபரேஷனின் பெயர் மைக்ரோ டீஸ். ஊசியால் குத்தி உறிஞ்சும் முறை அடைப்பு உள்ளவர்களுக்குப் போதும். என்னைப் போல உற்பத்தியே குறைந்தவர்களுக்கு அது குருட்டாம்போக்கில் குத்துவதுதான் என்றார் டாக்டர். இதில் விதையை நடுவில் திறந்து, இருபது மடங்கு பெரிதாக்கிக் காட்டும் நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்க்கிறார்கள். உள்ளே தலைமுடியைவிடச் சற்றுத் தடித்த நுண்குழல்கள் சுருண்டு கிடக்கும். வேலை நடக்காத குழல் மெலிந்து சாயம் போனதுபோல் இருக்கும். விந்தணு உருவாகும் குழல் சற்றுத் தடித்து, வெண்மையாக இருக்கும். அந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்து அந்தக் குழலை மட்டும் கிள்ளி எடுக்கிறார்கள். நியூயார்க்கில் பீட்டர் ஷ்லெகல் என்ற மருத்துவர் 1999இல் இதைப் பற்றி எழுதினார். பழைய முறையில் நூற்றுக்கு 45 பேரிடம் கிடைத்தது இந்த முறையில் 63 பேரிடம் கிடைத்தது என்பது அவர் கொடுத்த கணக்கு. திசுவும் குறைவாகவே வெட்டுப்படுகிறது.

காலை எட்டரைக்கு உள்ளே போனேன். மற்றதெல்லாம் மனைவி சொல்லித்தான் தெரியும். பத்து மணிக்கு ஒரு செவிலியர் வந்து, வலது பக்கம் முழுதும் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை, இடது பக்கம் தொடங்குகிறோம் என்றாராம். அதைச் சொல்ல ஓர் ஆளை அனுப்பினார்களே என்று அவள் இன்றும் சொல்கிறாள். பதினொன்றே முக்காலுக்கு ஆய்வகத்துக் கருவியல் நிபுணர், ஒரு பெண், தலையில் நீலத் தொப்பியோடு தானே வெளியே வந்து என் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து, "கிடைத்திருக்கிறது. குறைவுதான். ஆனால் அசைகிறது" என்றார். என் அம்மா நடையிலேயே கீழே உட்கார்ந்துவிட்டாராம்.

மறுநாள் அந்த நிபுணர் கணினியில் பதிவைக் காட்டினார். திரை முழுக்கச் சிவப்பணுக்கள், உருண்டை உருண்டையாக. அவற்றுக்கிடையே ஒரு சின்னத் தலை, ஒரு வால். நீந்தவில்லை. இருந்த இடத்தில் வாலை மட்டும் ஒரு முறை இழுத்துவிட்டது. நிறுத்தி, மறுபடி இழுத்தது. நான்கு குப்பிகளில் அடைத்து, திரவ நைட்ரஜனில், பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரியில் வைத்தார்கள்.

வலியைக் கேட்பவர்களுக்கு: முதல் இரண்டு நாள் கடினம், ஒரு வாரம் கால்களை அகட்டித்தான் நடந்தேன், இரண்டு வாரம் பைக் எடுக்கவில்லை. இதற்குப் பிறகு சிலருக்கு டெஸ்டோஸ்டிரோன் குறையலாம் என்பதால் மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அவர்களே போன் செய்து நினைவூட்டினார்கள்.

அடுத்து இக்ஸி. ஒரு விந்தணுவைக் கண்ணாடி ஊசியால் எடுத்து ஒரு முட்டைக்குள் செலுத்துவது. 1992இல் பிரசெல்சில் ஜான்பியரோ பலெர்மோவும் அவருடன் இருந்தவர்களும் இந்த முறையில் உண்டான முதல் கர்ப்பங்களை அறிவித்தார்கள். அதற்கு முந்தைய காலமாக இருந்திருந்தால் என்னுடைய நான்கு குப்பிக்கு ஒரு பயனும் இருந்திருக்காது. என் மனைவிக்கு ஒன்பது முட்டைகள் கிடைத்தன. இரண்டு குப்பிகளைப் பயன்படுத்தினார்கள். ஐந்து கருவுற்றன, ஐந்தாம் நாள் வரை வளர்ந்தவை இரண்டு. ஒன்றை வைத்தார்கள். பதினான்காம் நாள் ரத்தப் பரிசோதனை முடிவை டாக்டரே போனில் சொன்னார். ஒட்டவில்லை. "அடுத்த முறை நிச்சயம்" என்று அவர் சொல்லவில்லை. ஒரு கரு இருக்கிறது, இரண்டு குப்பி இருக்கிறது, மனைவி உடம்பு தேறட்டும் என்று மட்டும் சொன்னார். அன்று இரவு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. ஆனாலும் அந்த அழைப்பை அவர் வேறு யாரிடமும் தள்ளிவிடாததற்கு நான் நன்றி சொல்கிறேன்.

செலவு: ஆபரேஷனுக்கு 95,000, இக்ஸிக்கு மருந்தோடு 1,80,000, மரபணுச் சோதனைகளுக்குத் தனி. முன்கூட்டியே எழுதிக் கொடுத்த தொகையைவிட 6,000 கூடியது. ஏன் என்று கேட்டதும் மருந்துக் கணக்கைப் பிரித்துக் காட்டினார்கள். என் இன்சூரன்ஸ் இதில் ஒரு ரூபாயும் தரவில்லை. அப்பா வைத்த தென்னந்தோப்பில் பதினைந்து சென்ட் விற்றோம். அந்த ஆதாரத்தை நானேதான் எழுதினேன். மதியத்துக்கு மேல் கேன்டீனில் சோறு கிடைக்காது, சித்தூர்ப் பக்கத்திலிருந்து போகிறவர்கள் கட்டுச்சோறு எடுத்துப் போங்கள்.

இதைப் படிக்கும் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் கணவரின் பரிசோதனை இரண்டு முறை முடிந்து, அந்தத் தாள் கைக்கு வரும்வரை எந்தக் குழாய்ப் பரிசோதனைக்கும் லேப்ராஸ்கோப்பிக்கும் அவசரப்பட்டுச் சம்மதிக்காதீர்கள். குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கத்துக் காரணமும் இருக்கிறது. அவர் வர மறுத்தால் இதை வாசிக்கக் கொடுங்கள். வேண்டுமானால் அவர் கொழிஞ்சாம்பாறை சப் ரிஜிஸ்திரார் அலுவலகத்துக்கு எதிரில் வந்து என்னோடு பேசட்டும்.

நேற்று உறைபாதுகாப்புக் கட்டணத்தை இன்னொரு வருடத்துக்குக் கட்டிவிட்டு வந்தோம். மீன மாதம் அடுத்த முயற்சி, எங்கள் வீட்டுக் காலண்டரில் பங்குனி. மகன் பிறந்தால் அவனுக்குச் சொல்ல வேண்டியதை இப்போதே ஒரு தாளில் எழுதி, ஒய் குரோமோசோம் அறிக்கையோடு சேர்த்து இரும்புப் பெட்டியில் தோப்பின் ஆதாரத்துக்கு மேலே வைத்திருக்கிறேன். இரண்டு பேர் கையெழுத்தும் இருக்கிறது. நேற்று வாங்கிய ரசீதில், குப்பி இரண்டு, கரு ஒன்று என்று தமிழில் அச்சிட்டிருந்தார்கள். என் மனைவி அதை வாங்கி, பஸ் நிலையம் வரும்வரை இரண்டு முறை வாசித்தாள்.